கேமராவா, மைக்கா: கிராமத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றரை லட்சத்தை எதில் போடலாம்?

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து அசன விருந்துக் கணக்கு பார்க்கும்போது சில வருஷம் கையில் கொஞ்சம் மிஞ்சும். சில வருஷம், வெளியூரில் குடியேறிவிட்ட குடும்பம் ஏதாவது தாத்தா நினைவாக ஒரு தொகை கொடுக்கும். முன்பெல்லாம் அந்தப் பணம் சுற்றுச்சுவருக்கும் வெள்ளையடிப்புக்கும் போகும். இல்லையென்றால் மின்விசிறியாகி, இறக்கையில் உபயதாரர் பெயரோடு தலைக்கு மேல் சுற்றும். இப்போது கமிட்டி கூடினால் முதல் பேச்சே "லைவ் போடணும்" என்பதுதான்.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சின்னச் சபையின் கமிட்டியில் இருக்கிறேன். மைக் செட், கம்ப்யூட்டர் என்றால் பக்கத்துச் சபைகளிலும் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். எங்களுக்கு இந்த முறை ஒன்றரை லட்சம் ரூபாய் வந்தது. வந்த யோசனைகள் ஐந்து: யூடியூப் நேரலை, கோயிலுக்குள் ஒலி அமைப்பை மாற்றுவது, பாட்டும் வசனமும் காட்டத் திரை, காணிக்கைக்குக் கியூஆர், குடும்பப் பதிவேட்டுக்கு ஆப். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருந்தது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அப்படி வாங்கிய சபைகளைப் பார்த்திருக்கிறேன். எதுவுமே ஒழுங்காக வேலை செய்யாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களுக்குப் பிரசங்கம் தெளிவாகக் கேட்காதவரை வேறு எதிலும் பணம் போடக்கூடாது. எங்கள் பக்கத்துச் சபைகளில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள். வாலிபர்கள் சென்னை, கோவை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது அறுபது தாண்டியவர்கள், பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆனால் கமிட்டி வாட்ஸ்அப்பில் சத்தமாகப் பேசுகிறவர்கள் ஊரில் இல்லாதவர்கள். பணம் தருகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. கேமராவின் பக்கம் தராசு சாய்வதற்கு அதுதான் காரணம்.

நேரலை: யார், எப்போது பார்க்கிறார்கள்?

"வளைகுடாவில இருக்கிற நம்ம பிள்ளைங்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பார்க்கட்டும்" என்பது வழக்கமான வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சவூதி, கத்தார், குவைத், ஓமான் எல்லா இடத்திலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலைநாள். நம்மூரில் காலை எட்டரைக்கு முதல் பாட்டு ஆரம்பிக்கும்போது ஓமானில் மணி ஏழு, சவூதியில் ஆறு. கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அமீரகம் மட்டும் 2022-லிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. வளைகுடாத் தமிழ்ச் சபைகள் பலவும் வெள்ளிக்கிழமையே ஆராதனை வைத்துக்கொள்வது அந்த வெள்ளி விடுமுறையால்தான். சென்னையில் இருப்பவருக்கோ, நம் ஆராதனை நேரமும் அவர் சபையின் ஆராதனை நேரமும் ஒன்று. ஆகவே வாராவாரம் ஓடும் நேரலையை நேரலையாகப் பார்க்கிறவர்கள் சொற்பம். இரவில், தன் அக்கா மகன் வசனம் சொன்ன இடத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடுவார்கள். அதற்குப் பதிவு செய்த வீடியோ போதும்.

நேரலை நிஜமாகவே தேவைப்படும் நாட்கள் உண்டு. அடக்க ஆராதனை அதில் முதலாவது. தகப்பன் இறந்து மறுநாள் அடக்கம்; மகனுக்கு லீவும் டிக்கெட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு போனும் ஸ்டாண்டும் செய்கிற காரியத்தை எந்தப் பெரிய கேமராவும் அதிகமாகச் செய்துவிடப் போவதில்லை. அடுத்தது கல்யாணம், பிரதிஷ்டைப் பண்டிகை, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை. ஆண்டில் இப்படிப் பத்துப் பதினைந்து நாள் வரும். அதற்காக நகரும் கேமரா, கேமராக்களை மாற்றிக் காட்டும் ஸ்விட்சர், கம்ப்யூட்டர் என்று ஒரு லட்சத்துக்கு மேல் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாளையங்கோட்டை மாதிரி நகரத்துப் பெரிய சபைக்கு, ஆள் பலமும் இணைய வசதியும் இருக்கிற இடத்துக்கு, கணக்கு வேறு.

போனிலேயே நேரலை போட நினைக்கிறவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. மொபைலிலிருந்து யூடியூப் நேரலை போகச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல் முறை அந்த வசதியை இயக்கினால் திறப்பதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். அடக்க வீட்டில் நின்றுகொண்டு சேனல் ஆரம்பிக்க முடியாது. இன்றே ஆரம்பித்து வையுங்கள். டேட்டா கணக்கும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் இரண்டு மணி நேரம் அனுப்பினால் ஏறத்தாழ 2.7 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் பிளானில் பிரசங்கம் பாதியில் நின்றுபோகும். பண்டிகை நாளில் ஊரே கோயில் வளாகத்தில் போனோடு நிற்பதால் டவரும் திணறும். குருமனைக்கு (போதகர் வீட்டுக்கு) ஃபைபர் இணைப்பு வாங்கி அங்கிருந்து கோயிலுக்குக் கேபிள் இழுப்பதே நம்பத்தகுந்த வழி.

பார்க்கிறவர்கள் படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் சரியில்லை என்றால் இரண்டு நிமிஷத்தில் போய்விடுவார்கள். போனின் சொந்த மைக் பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் ஃபேன் சத்தத்தையும் எடுக்கும்; ஐயர் (போதகர்) குரலை எடுக்காது. மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து ஒரு லைன் எடுத்துப் போனுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் ஒழுங்கான மிக்சர் வேண்டும். நேரலைக்காகவே யோசித்தாலும் முதல் செலவு ஒலியில்தான் வந்து நிற்கிறது.

கேமரா வந்ததும் ஆராதனைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டிருக்கிறவர்களின் முகத்துக்கு நேரே கேமரா நிற்பதை எந்தச் சபையும் அனுமதிக்கக்கூடாது. ஜெபக்குறிப்புகளும் அப்படித்தான். இன்ன தெருவில் இன்னாருக்குக் கேன்சர், இன்னார் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்று சபைக்குள் சொல்லி ஜெபிப்பது ஒன்று. அதையே யூடியூபில் உலகத்துக்கு ஒலிபரப்புவது இன்னொன்று. அந்தப் பகுதி வரும்போது நேரலையில் ஒலியை நிறுத்திவிடுங்கள். இன்னொரு தொல்லை, கரோக்கி டிராக். பழைய கீர்த்தனைகளையும் பாமாலைகளையும் நம் பாடகர் குழுவே பாடினால் பெரும்பாலும் சிக்கல் வராது. யாரோ பதிவு செய்து விற்கும் இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடினால் யூடியூபின் தானியங்கி ஏற்பாடு பிடித்துவிடும். வீடியோவின் அந்தப் பகுதி ஊமையாகும், அல்லது வீடியோவே தடைபடும்.

ஒலி: பணம் போட வேண்டிய இடம்

எங்கள் சபையில் மூன்றாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது: "எய்யா, ஐயரு வாய் அசையுறது தெரியுது, என்ன சொல்லுதாருன்னுதான் தெரியல. பாட்டு வந்தாத்தான் எனக்குக் கோயிலு." ஆம்ப்ளிஃபயரில் சத்தம் குறைவா என்றால் இல்லை. தெருமுனை வரை கேட்கும். சத்தம் இருக்கிறது, சொல் விளங்கவில்லை. கிராமச் சபைகளில் பாதிக்கு மேல் இதே நோய் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆலயங்கள் மைக் வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுந்தவை. ஊசிக்கோபுரம் என்று அழைக்கப்படும் பாளையங்கோட்டை ஆலயம் 1826-ல் வந்தது. இடையன்குடியில் கால்டுவெல் பல்லாண்டு பாடுபட்டுக் கட்டிய ஆலயம் 1880-ல் பிரதிஷ்டையானது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. உயர்ந்த கூரை, கெட்டிச் சுவர், கல் தூண், வழவழத்த தரை: இவையெல்லாம் பாட்டைத் தாங்கி நிறுத்தும். நூறு பேர் பாடினால் முந்நூறு பேர் பாடுகிற மாதிரி இருக்கும். பேச்சுக்கு அதே குணம் எமன். முதல் சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் இரண்டாவது சொல் வந்து விழுந்து இரண்டும் குழம்பும். பழைய குருமார் நிறுத்தி நிறுத்தி, ராகம் போட்ட மாதிரி பிரசங்கித்ததில் இந்தக் கட்டிடங்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். இன்றைய பிரசங்கியார் வேகமாகப் பேசுகிறார். நாம் பெரிய ஸ்பீக்கரை வைத்து எதிரொலியையும் சேர்த்துப் பெரிதாக்குகிறோம்.

இதற்கு வழி, ஆல்டர் (பலிபீடம்) பக்கம் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துக் கூரையை நோக்கி முழக்குவதை நிறுத்துவது. ஒல்லியான, தூண் வடிவக் காலம் (column) ஸ்பீக்கர்களைத் தூண்களில், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, காதை நோக்கிச் சாய்த்து மாட்ட வேண்டும். அவை ஒலியைப் பக்கவாட்டில் பரப்பும், மேலும் கீழும் அதிகம் விடாது. கூரைக்குப் போய்த் திரும்பும் சத்தம் குறையும். ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசினால் போதும். நீளமான கோயிலில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; 20 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 60 மில்லி நொடி. பின்பக்க ஸ்பீக்கருக்கோ வயர் வழியே உடனே வந்துவிடும். பின்பெஞ்சுக்காரருக்கு ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். டிஜிட்டல் மிக்சரில் பின் ஸ்பீக்கர்களைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி இருக்கிறது. மைக் செட்காரரிடம் "டிலே வைக்க முடியுமா" என்று கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மைக்கிலும் விஷயம் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். பிரசங்க மேடையில் ஐயர் ஒரு சாண் தூரத்தில் ஆரம்பித்து, உணர்ச்சி வந்ததும் நாலு சாண் விலகி நின்று பேசுவார். ஆம்ப்ளிஃபயரில் இருப்பவன் பதறிச் சத்தத்தைக் கூட்டுவான், ஊளை கிளம்பும். இதற்கு ஒரு ஒயர்லெஸ் காலர் மைக்கோ, காதில் மாட்டும் மைக்கோ போதும். பிறகு, செலவே இல்லாத ஒரு வேலை: பேச்சு மைக்கில் எக்கோவை அணைத்துவிடுங்கள். கல்யாண மண்டப மைக் செட்டிலிருந்து வந்த பழக்கம் இது. ஏற்கெனவே எதிரொலிக்கிற கட்டிடத்தில் மிஷினையும் எதிரொலிக்கச் சொல்கிறோம். கீபோர்டுக்காரத் தம்பிகளுக்கு இந்த எக்கோமேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இண்டக்‌ஷன் லூப் என்று ஒன்று உண்டு. தரையோரம் ஓட்டிய வயர் வழியாக மிக்சரின் ஒலி காந்த அலையாகப் போகும். டி-காயில் என்ற சின்னக் கம்பிச்சுருள் உள்ள காது மெஷின் அதை நேரடியாக வாங்கும். எல்லா மெஷினிலும் டி-காயில் இராது. அதனால் நம் சபையில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று வீடுவீடாய்க் கேட்காமல் இறங்க வேண்டாம். சுத்தமாகக் காது கேளாதவர்களுக்கு இதுவும் உதவாது, சைகை மொழிதான் வேண்டும். ஃபிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளி பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருக்கிறது. அங்கே படித்தவர்கள் நம் கிராமங்களில் பரவியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தால் சும்மா உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். சைகை தெரிந்த ஒருவரைப் பண்டிகை நாளிலாவது அழைத்துவர ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் சாப்பாடும்தான். நவீனத் தொழில்நுட்பக் கணக்கில் இது வராது, வராவிட்டால் போகட்டும்.

கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்திலும் எழுத்தில் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. உள்ளே ஒலி சீராகிவிட்டால் வெளியே குழாய் கத்த வேண்டிய தேவையும் குறையும். அடுத்த தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது நல்லது.

கோயிலுக்கு வர முடியாதவர்கள்

நேரலைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் எனக்கு மனம் ஒப்புகிற ஒரே வாதம் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட் போன் இருந்தாலும் யூடியூபைத் திறந்து நம் சேனலைத் தேடக் கண்ணும் விரலும் ஒத்துழைக்காது. அவர்களிடம் நிச்சயமாக இருப்பது பென் டிரைவ், மெமரி கார்டு போட்டுக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர். பாட்டு கேட்கப் பேரன் வாங்கிக் கொடுத்தது. மிக்சரிலிருந்து ஆராதனையை ஆடியோவாகப் பதிந்து, கார்டில் ஏற்றி, ஞாயிறு சாயங்காலம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினால் அன்றைக்கே கேட்டுவிடுவார்கள். பழைய கார்டைத் திரும்ப வாங்கி வந்து அடுத்த வாரம் அதிலேயே பதியலாம். பத்து கார்டு வாங்கினால் பல வருஷம் ஓடும். பிள்ளைகள் வீட்டுக்கு வருவதுதான் அந்தப் பாட்டிகளுக்கு ஆராதனையைவிடப் பெரிய விஷயம் என்று உபதேசியார் சொல்கிறார். இருக்கலாம். வீட்டில் கொடுக்கும் திருவிருந்துக்கு ஐயர்தான் போக வேண்டும். அதற்கு மாற்று எந்தக் கருவியிலும் இல்லை.

திரை

திரையை வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். எங்கள் கோயிலில் ஆல்டருக்குப் பின்னால் கிழக்குச் சன்னல். காலை எட்டரைக்கு வெயில் நேராக உள்ளே வரும். 3000 லூமென் புரொஜெக்டர் போட்டால் வெள்ளைத் துணியில் வெள்ளை எழுத்துதான் தெரியும். பெரிய டிவி என்றால் வெளிச்சத்திலும் தெரியும். ஆனால் 55 அங்குல டிவியில் உள்ள எழுத்து ஆறாவது பெஞ்சுக்கு அப்பால் வயதானவர்களுக்கு வாசிக்க வராது. தூண் மறைப்பதையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வேண்டும். பணம் அங்கேயே முடிந்துபோகும். பாமாலையும் கீர்த்தனையும் பாதிப் பேருக்கு மனப்பாடம். எண் பலகையில் எண்ணைப் பார்த்த உடனே முதல் அடி வாயில் வந்துவிடுகிறது. புதுப் பாட்டுகளுக்கு மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கிறோம்.

திரை வைத்தே ஆவது என்று முடிவு செய்த சபைகளுக்கு இரண்டு குறிப்பு. ஓப்பன்எல்பி என்ற மென்பொருள் இலவசம். பாட்டு, வசனம் காட்ட அதுவே போதும், விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது, உங்கள் சபையில் முன்பு பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பாட்டுக் கோப்புகளை அப்படியே ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த பிறகு ஏற்றுங்கள். மாற்றும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஒற்றுப்பிழையை ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கியூஆர்

இதில் செலவு ஏறக்குறைய இல்லை, பலன் உடனே தெரியும். யுபிஐ 2016-ல் வந்தது. இன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையிலும் அட்டை தொங்குகிறது. எதிர்ப்பு என்று பார்த்தால் மனத்தளவில்தான். காணிக்கைப் பை வரும்போது போனை எடுத்து ஸ்கேன் செய்வது அழகா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் முடிவு: பையும் கைப்பிடி அரிசிப் பெட்டியும் இருந்தபடியே இருக்கட்டும்; கியூஆர் அட்டை வாசல் பக்கம், கணக்கு எழுதும் மேசைமேல் மட்டும். சங்கக் காணிக்கை (உறுப்பினர் சந்தா), கட்டிட நிதி, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் ஆகியவற்றுக்கு அது அருமையாகப் பயன்படுகிறது. ஏலத்தில் வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் கேட்டுவிட்டு "பணம் அப்புறம் தாரேன்" என்று போகும் அண்ணாச்சிமாருக்கு இனிச் சாக்கு இல்லை.

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது கணக்கு யார் பெயரில் என்பது. பொருளாளரின் சொந்த எண்ணில் கியூஆர் எடுப்பது எவ்வளவு நேர்மையான பொருளாளராக இருந்தாலும் கூடாது. சபைப் பெயரில், இருவர் கையெழுத்தில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே. ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் பெயர் வாசிப்பது நம் வழக்கம். யுபிஐயில் பெயர் பாதியாக வரும், அல்லது மகன் போனிலிருந்து அம்மா அனுப்பியிருப்பார். குறிப்பில் பெயரும் காரணமும் எழுதச் சொல்லி அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள். அட்டையை வெளிச் சுவரில் ஒட்டாதீர்கள். மேலே வேறு கியூஆரை ஒட்டிப் பணம் அள்ளும் மோசடி கடைகளில் நடப்பதுதான்.

வெளிநாட்டுப் பணம் வரும்போது கமிட்டிகள் பெரும்பாலும் யோசிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர், அமீரகம், சவூதி, அமெரிக்கா போன்ற சில நாட்டு எண்களோடு இணைந்த, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளிலிருந்தும் இப்போது யுபிஐ அனுப்பலாம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் அதை வாங்கலாம். கிராமச் சபையின் கணக்கில் அது விழக்கூடாது. "நம்ம ஊர்ப் பையன்தானே" என்று சொல்லி மச்சான் கணக்கு வழியாகச் சுற்றிவிடுவதும் கூடாது. சபைகளின் மேல் நிர்வாகமான திருமண்டலத்தின் அலுவலகத்தில் கேட்டு முறையாக அனுப்பச் சொல்லுங்கள். நினைவுக் காணிக்கையாகப் பெரிய தொகை வரும்போது கொடுப்பவரின் குடியுரிமையைக் கேட்பது கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பதிவேடும் ஆப்பும்

மாதச் சந்தா வாங்கும் சபை நிர்வாக ஆப்கள் பல இருக்கின்றன. நூறு, நூற்றைம்பது குடும்பம் உள்ள சபைக்கு அவை மிகை. ஒரு எக்செல் தாளில் குடும்பம், சங்கக் காணிக்கை, பிறந்தநாள் எல்லாம் அடங்கும். சங்கக் காணிக்கைக் கணக்கு கம்ப்யூட்டரில் தெளிவாக இருந்தால் சபைத் தேர்தல் சமயத்தில் வாக்காளர் பட்டியல் சண்டை பாதியாகக் குறையும். மீதிப் பாதி எந்த மென்பொருளாலும் தீராது என்பது திருமண்டலத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளைக் கம்ப்யூட்டர் மாற்ற முடியாது. 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவேட்டில் மணமக்களும் சாட்சிகளும் நடத்திவைத்தவரும் கையெழுத்திட வேண்டும். காகிதம் இருந்தே தீரும். ஆனால் காகிதத்தைப் படமெடுத்து வைக்கலாம், உடனே செய்யவும் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் வீட்டுக்குள் தண்ணீர், நாள்கணக்கில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்படி ஒரு வெள்ளத்தில் வெஸ்ட்ரி அறையின் மர அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கும் நூறு வருஷத்துப் பதிவேடு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல கேமரா உள்ள போனில் பக்கம் பக்கமாக எடுத்து, ஒரு பிரதி சபையில், இன்னொன்று சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் அலுவலகத்தில் வைத்துவிட்டால் போதும். இரண்டு வாலிபர்களின் ஒரு சனிக்கிழமை வேலை. படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் பிறந்த தேதியும் தகப்பன் தாய் பெயரும் இருக்கின்றன.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாச் சபையிலும் ஏற்கெனவே இருக்கிறது, ஏற்கெனவே சண்டையும் இருக்கிறது. அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றி, அறிவிப்புக்கு என்று ஒரு குரூப் வைத்தால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அடக்க ஆராதனை நேரம் தொலைந்துபோகாது. குரூப்பில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதால், பெண்களும் பிள்ளைகளும் சேரும்போது கேட்டுச் சேர்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது

கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை போட்ட பிறகு கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஒலிக்குப் போனது: டிலே வசதியுள்ள சின்ன டிஜிட்டல் மிக்சர், தூண்களுக்கு ஆறு காலம் ஸ்பீக்கர், ஒயர்லெஸ் காலர் மைக், பிரசங்க மேடைக்கு வளையும் தண்டு மைக். கரண்ட் போனால் மிக்சரும் மைக்கும் நிற்காமல் ஓட ஒரு யுபிஎஸ். மிக்சரிலிருந்து போனுக்குப் போகும் வயரும் ஒரு ஸ்டாண்டும், அடக்கத்துக்கும் பண்டிகைக்கும் நேரலை போட. வாராவாரம் ஆடியோ பதிவும் மெமரி கார்டும். மீதியில் குருமனைக்கு ஃபைபர். நிரந்தரக் கேமரா கேட்ட தம்பிமார் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கையை அடுத்த வருஷத்துக்குக் குறித்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வாராவாரம் பார்க்கிறேன் என்று பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கமிட்டிகள் கடைசியாக யோசிப்பதும், எல்லாவற்றுக்கும் முதலில் யோசிக்க வேண்டியதும் இதை யார் இயக்குவது என்பது. கருவி வாங்கும்போது முன்னால் நிற்கிற வாலிபன் ஆறு மாதத்தில் கோவையில் வேலைக்குப் போய்விடுவான். ஐயரும் சில வருஷத்தில் மாறுதலாகிவிடுவார். சேனல் அவர் சொந்த மெயிலில் இருந்தால் அதுவும் அவரோடு அடுத்த சேகரத்துக்குப் போகும். அதனால் யூடியூப், கூகுள் கணக்குகளைச் சபைப் பெயரில் தொடங்கி, பாஸ்வேர்டை எழுதி மூடிய உறையில் வைத்துச் சபைப் பெட்டியில் பூட்டி வைத்தோம். மிக்சரில் ஒவ்வொரு குமிழ் பக்கத்திலும் தமிழில் சீட்டு ஒட்டினோம்: ஐயர், பாடகர் குழு, வாசகம், கீபோர்டு. ஊரைவிட்டுப் போகாதவர்கள் யார் என்று பார்த்து, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தோம். அவர்களில் ஒரு அக்கா இப்போது காலை ஏழே முக்காலுக்கே வந்து பாட்டரி பார்த்து, மைக்கைச் சோதித்துவிட்டுப் பாய் விரிக்கப் போகிறார். கீபோர்டுத் தம்பி எக்கோவைக் கூட்டினால் எழுந்து வந்து குறைத்துவிட்டும் போகிறார்.